‘நீயே எழுதிக் கொண்டு வா’ என்று பேராசிரியர் சொன்னால்: பரிந்துரைக் கடிதம் கேட்பது பற்றி ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகக் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண். அடுத்த ஆகஸ்டில் தொடங்கும் எம்.எஸ். படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கப் போகிறார். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். துறைத்தலைவரைக் கேட்டதற்கு, “நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்றாராம். மற்ற ஆசிரியர்களுக்குத் தன்னை நினைவிருக்குமா என்பதே சந்தேகம். மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் ஒரு அரியர் வேறு. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, அவர் சொன்னபடி எழுதிக் கொடுக்கலாமா, ஜெர்மனிக்கும் இதே கடிதம் ஆகுமா என்பவை கேள்விகள்.

நான் பொறியியல் கல்லூரியில் நீண்ட காலம் பாடம் நடத்தியவன். ஆகவே கடிதம் எழுதுகிறவர் முன்னால் என்ன வந்து நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மாணவர்கள் பார்க்காத பக்கம் அது.

விண்ணப்பத்தில் ஆசிரியரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் நீங்கள் நிரப்பியதும், பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து அவருக்கு ஒரு இணைப்பு போகும். திறந்தால் கடிதத்தைப் பதிவேற்றும் இடத்தோடு பெரும்பாலும் ஒரு படிவமும் இருக்கும். இந்த மாணவரை எத்தனை காலமாக, எந்த முறையில் தெரியும்? நீங்கள் பாடம் நடத்திய மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, முதல் 10 சதவீதத்திலா, முதல் 25 சதவீதத்திலா? சுயமாகச் சிந்திப்பதில் எப்படி, எழுத்தில் எப்படி, விடாமுயற்சியில் எப்படி? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசைக் கட்டங்கள். ஓரத்தில் ‘கருத்துச் சொல்லும் அளவுக்குத் தெரியாது’ என்று ஒரு கட்டம். உங்களை நினைவில்லாத ஆசிரியர் நேர்மையானவராக இருந்தால் அந்த ஓரக் கட்டத்தை நாலைந்து இடத்தில் தட்டுவார். தாராளமானவராக இருந்தால் எல்லாவற்றிலும் முதல் 5 சதவீதம் என்று தட்டிவிட்டு, கடிதத்தில் அதற்கு ஒரு சான்றும் தராமல் விடுவார். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகையால் யார் பெரிய பதவியில் இருக்கிறார் என்று யோசிப்பதை விடுங்கள். உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யார் என்று யோசியுங்கள். கடிதம் என்றதும் முதல்வர் அறை, துறைத்தலைவர் அறை என்று படியேறுவது நம் கல்லூரிகளில் ஊறிப்போன பழக்கம். போனஃபைடு சான்றிதழுக்கு அது சரி. கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் முகத்தையே பார்த்திருக்க வேண்டியதில்லை, முத்திரை இருந்தால் போதும். பரிந்துரைக் கடிதத்தில் முத்திரைக்கு மதிப்பு மிகக் குறைவு. உங்கள் துறைத்தலைவர் உங்களுக்கு ஒரு பாடமாவது நடத்தினாரா, அதில் நீங்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்ட நினைவாவது அவருக்கு இருக்குமா? இல்லையென்றால் அவருடைய கடிதம் ‘துறைத்தலைவர் என்ற முறையில் இவரை நான்காண்டுகளாக அறிவேன்’ என்றுதான் தொடங்கும். அந்த ஒரு வரியிலேயே அனுபவமுள்ள வாசகருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் ஒன்றைக் காட்டுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிச் செய்யும் மணல்) கான்கிரீட் பற்றியது என்றும், ‘முதலில் போட்ட கியூப்கள் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கனசதுரங்கள்) வலிமை வரவில்லை, பிறகு மணலில் தூசி அதிகம் என்று கண்டுபிடித்து மறுபடி செய்தோம்’ என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏதோ தோல்விக் கணக்கில் சேர்த்து, அடுத்த வரியில் உங்கள் சி.ஜி.பி.ஏ.வுக்குத் தாவிவிட்டீர்கள். சி.ஜி.பி.ஏ. மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. அதைக் கடிதமும் சொல்லத் தேவையில்லை. கியூப் கதை வேறு எந்தத் தாளிலும் இல்லை.

அதே மாணவிக்கு இரண்டு கடிதங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இப்படி இருக்கும்: ‘இவர் எங்கள் துறையில் நான்காண்டுகள் பயின்றார். அமைதியானவர், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி. ஆசிரியர்களிடம் மரியாதையாக நடந்துகொள்பவர். படிப்போடு இதர நிகழ்ச்சிகளிலும் ஆர்வமாகப் பங்கேற்றார். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.’ இதில் பெயரை மாற்றினால் அந்த வகுப்பில் உள்ள அறுபது பேருக்கும் பொருந்தும். உண்மையில் பொருத்தியும் விடுகிறார்கள்.

இன்னொன்று: ‘நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான் கைடாக இருந்தேன். அவர்கள் வார்த்த 150 மி.மீ. கியூப்கள் 28ஆம் நாள் சோதனையில் எதிர்பார்த்த வலிமைக்கு வெகு கீழே உடைந்தன. சிமென்டைக் கூட்டி மறுபடி வார்த்துவிடலாம் என்று குழு முடிவு செய்தது. இவர் மட்டும் ஒப்பவில்லை. மீதமிருந்த எம்-சாண்டை 75 மைக்ரான் சல்லடையில் கழுவிப் பார்த்து, நுண்தூசி அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார். தூசி அதிகமானதால் கலவை இறுகியிருக்கிறது. ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) வரவில்லை என்று கலக்கும்போது கூடுதலாகத் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள். வலிமை அங்கேதான் போயிருக்கிறது. இதைத் தன் ஆய்வகக் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி அவரே நிறுவினார். நான் வழிகாட்டவில்லை.’ இந்தக் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி’ என்ற சொல் இல்லை, ‘ஆராய்ச்சி மனப்பான்மை’ என்ற சொல்லும் இல்லை. தேவைப்படவில்லை. இதை எழுத யாரால் முடியும்? அன்று சோதனை இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற உங்கள் கைடால் மட்டும்தான். அவர் உதவிப் பேராசிரியராக இருக்கலாம், இன்னும் பி.எச்டி. முடிக்காதவராகவும் இருக்கலாம். எம்.எஸ். விண்ணப்பத்துக்கு அது பெரிய குறையல்ல. நேரடியாகப் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கிறவர்கள் மட்டும், மூவரில் ஒருவராவது ஆராய்ச்சி அனுபவம் உள்ளவராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

அமைதியானவர், அடக்கமானவர் என்ற வகைப் பாராட்டு பெண்களுக்குக் கூடுதலாகவே விழுகிறது. நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல இது. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இருவர், அமெரிக்காவின் பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியாகச் சிறியவை. மெல்லிய சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியங்கள் அவற்றில் அதிகம். ஆண்களுக்கானவை ஆராய்ச்சியைப் பேசின, பெண்களுக்கானவை கற்பித்தலைப் பேசின. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். கையில் சம்பவம் இல்லாதபோது பேனா குணத்தைப் புகழப் போய்விடுகிறது. உங்கள் ஆசிரியர் கையில் சம்பவத்தைக் கொடுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். கேட்கும்போதே கணித மேதை ஜான் நாஷுக்காக அவருடைய பேராசிரியர் ரிச்சர்ட் டஃபின் 1948இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தைக் காட்டுவார்கள்: வயது பத்தொன்பது, ஜூனில் பட்டம் பெறுகிறார், இவர் ஒரு கணித மேதை, அவ்வளவுதான். எழுதியவரின் சொல்லுக்குப் பெறுகிறவரிடம் மதிப்பு இருந்தது, அதனால் எடுபட்டது. நமக்குப் பொருந்துவது சென்னையிலேயே எழுதப்பட்ட வேறொரு கடிதம். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்ட ராமானுஜன், மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரையை இணைத்திருந்தார். கணிதத்தில், அதுவும் எண்கள் தொடர்பான வேலையில், அசாதாரணத் திறமை உள்ள இளைஞர் என்கிறது அது. அதோடு நிற்காமல், கணக்கிடுவது இவருக்கு இயல்பாக வருகிறது, கணக்கு வேலையில் வெகு வேகம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. துறைமுகத்தின் கணக்குப் பிரிவுக்கு எண் கோட்பாட்டால் என்ன பயன்? கூட்டல் கழித்தலில் வேகமான ஆள்தான் வேண்டும். சில வரிகளே உள்ள கடிதம் அந்த வேலைக்கு என்ன தேவையோ அதைச் சொல்லிவிட்டது. மார்ச் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்தார். நீங்கள் எந்தப் படிப்புக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் ஆசிரியருக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் அவரால் இப்படி எழுத முடியும். ‘எம்.எஸ். போகிறேன் சார்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கட்டுமானப் பொருள்கள் பற்றியா, கட்டமைப்பு வடிவமைப்பா, கட்டுமான மேலாண்மையா?

இனி ‘நீயே எழுதிக் கொண்டு வா’ விவகாரம்.

அப்படிச் சொல்லும் ஆசிரியரை உடனே பொறுப்பற்றவர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு பக்கம் இன்டர்னல் மார்க், இன்னொரு பக்கம் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான கோப்புகள், நடுவில் பத்து மாணவர்கள் தலைக்கு எட்டுப் பல்கலைக்கழகம் என்று வந்து நிற்பார்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. அவர் மாணவராக இருந்த காலத்தில் அவருடைய கடிதத்தை அவரேதான் எழுதிக்கொண்டார். ஆங்கிலத்தில் சரளமாக எழுத வருமா என்ற கூச்சம் சிலருக்கு உண்டு. அதை மாணவியிடம் சொல்ல முடியாது, ‘நேரமில்லை’ என்பதே எளிது.

இருந்தாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் காரணம் நேர்மை. அதற்கு விளக்கம் தேவையில்லை. கடிதத்தைத் தானே எழுதியதாகப் பரிந்துரைப்பவரிடமே உறுதி கேட்கும் படிவங்கள் உண்டு. பொய் என்று தெரிந்தால், சேர்ந்த பிறகும் இடத்தை ரத்து செய்யப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு. நேர்மையை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்தாலும், நீங்கள் எழுதும் கடிதம் மோசமாகத்தான் இருக்கும். ஒரு மாணவியைப் பற்றி ஆசிரியர் மட்டுமே சொல்லக்கூடியது ஒப்பீடு: ‘நான் நடத்திய கான்கிரீட் வகுப்புகளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வெகு சிலர்.’ உங்களுக்கு அது எப்படித் தெரியும்? ஊகித்து எழுதினால் மிகையாகும், கூச்சப்பட்டு எழுதினால் சப்பென்று போகும். போதாததற்கு, மூன்று கடிதங்களும் உங்கள் எஸ்.ஓ.பி.யும் (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதும் நோக்க அறிக்கை) ஒரே நடையில், ஒரே வகைப் பிழையோடு, ஒரே பிரியமான சொற்களோடு போய்ச் சேரும். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகப் படிப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை வேண்டாம்.

அப்படியானால் அவரிடம் என்ன சொல்வது? மறுக்கும் தொனி இல்லாமல் மாற்று வழியைக் கையில் கொண்டுபோங்கள்: “சார், உங்கள் வார்த்தையில் இருந்தால்தான் எனக்குப் பலம். நான் உங்களிடம் என்னென்ன செய்தேன் என்பதை ஒரு பக்கக் குறிப்பாகக் கொண்டு வந்திருக்கிறேன். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும் சார்.” குறிப்பு கொடுப்பது தவறே இல்லை, நன்றாக எழுதும் ஆசிரியர்களும் கேட்டு வாங்குவார்கள். குறிப்பில் நடந்தவை இருக்க வேண்டும், புகழுரை இருக்கக் கூடாது. ‘கியூப் சோதனை தவறியது, சல்லடைப் பகுப்பாய்வு செய்தேன், விளைவு இது’ என்று நீங்கள் எழுதலாம். ‘அபாரமான பகுத்தறியும் திறன்’ என்பதை அவர்தான் எழுத வேண்டும், அவருக்கு அப்படித் தோன்றினால். ஆங்கிலம்தான் தடை என்று தெரிந்தால், அவர் தமிழில் வாய்விட்டுச் சொல்ல, துறையிலேயே வேறொரு ஆசிரியர் உதவியோடு ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்ளலாம். எளிய ஆங்கிலமாக இருந்தால் ஒன்றும் குறையாது. அதன் பிறகும் ‘எழுதிக் கொண்டு வா’ என்றே சொன்னால், ‘சரி சார், பார்க்கிறேன்’ என்று வணங்கிவிட்டு வேறு ஆசிரியரிடம் போங்கள்.

துறைத்தலைவரைத் தாண்டிப் போனதாக நினைத்துக்கொள்வாரோ என்ற பயம் நியாயமானதுதான். நாளை டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “ப்ராஜெக்ட் பற்றி விவரமாக எழுத வேண்டுமாம் சார், அதனால் கைடு மேடத்தைக் கேட்டிருக்கிறேன்.” உண்மையும் அதுதான். பெரும்பாலும் அவருக்கு ஒரு வேலை குறைந்த நிம்மதிதான் இருக்கும்.

ஆலோசனை மையங்கள் பற்றி ஒன்று. ‘கடிதத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பெயர் மட்டும் கொடுங்கள்’ என்று சொல்லி, ஆசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, அச்சுக்கடிதத்தை ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியருக்கே தெரியாமல் அவர் பெயரில் கடிதம் போகிறது. இது ஆள்மாறாட்டம், வேறு பெயர் கிடையாது. மாட்டினால் மையத்துக்கு ஒன்றும் ஆகாது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையொப்பம்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். ஊரில் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், ஆனால் முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போங்கள். வராந்தாவில் வழிமறித்தோ, ஆசிரியர் அறையில் நாலு பேர் முன்னிலையிலோ கேட்டால் அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டவரின் கடிதம் உங்களுக்கு வேண்டாம். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். மின்னஞ்சலை வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். உள்ளே இருக்க வேண்டியது ஏறக்குறைய இது:

‘மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நான் 2023 பேட்ச், சிவில் பி பிரிவு மாணவி. எம்-சாண்ட் ப்ராஜெக்டில் தாங்கள் கைடாக இருந்தீர்கள்; முதல் கியூப்கள் தவறிப்போய் இரண்டாம் முறை வார்த்த குழு எங்களுடையது. இப்போது கட்டுமானத் தளத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கட்டுமானப் பொருள்கள் துறையில் எம்.எஸ். படிக்க ஆறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் கடைசித் தேதி டிசம்பர் 15. என் ப்ராஜெக்ட் வேலையைப் பற்றி வலுவாக எழுதும் அளவுக்குத் தங்களிடம் விஷயம் இருப்பதாகத் தோன்றினால், எனக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் தர முடியுமா? நேரம் இல்லையென்றாலோ, வேறொருவர் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தாலோ தயங்காமல் சொல்லுங்கள் மேடம். வேறு ஏற்பாடு செய்துகொள்ள எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் ப்ராஜெக்ட் அறிக்கையையும் மற்ற விவரங்களையும் சனிக்கிழமை நேரில் கொண்டு வருகிறேன்.’

இதில் ‘வலுவாக’ என்ற சொல்லும், மறுப்பதற்குத் திறந்துவைத்த கதவும்தான் முக்கியம். பதிலைக் கவனமாகப் படியுங்கள். ‘எந்தெந்தப் பல்கலைக்கழகம்? எப்போது வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டால் எழுதப் போகிறார். ‘பார்க்கலாம்மா’, ‘ஃபார்மட் இருந்தால் கொண்டு வா’, ‘வேறு யாரும் கிடைக்காவிட்டால் வா’ என்றால் மறுத்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அரைமனதுக் கடிதம் செய்யக்கூடிய சேதத்திலிருந்து அவர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஒப்புக்கொண்டவருக்குக் கொடுக்க வேண்டியவை: மதிப்பெண் பட்டியல், ஒரு பக்க சுயவிவரம், எஸ்.ஓ.பி.யின் வரைவு, மேலே சொன்ன குறிப்பு, ப்ராஜெக்ட் அறிக்கை, பல்கலைக்கழகங்களின் பட்டியல். குறிப்பின் மூலையில் உங்கள் படத்தை ஒட்டிவிடுங்கள். விண்ணப்பப் படம் வேண்டாம், கல்லூரிக் காலத்துப் படம். பெயரை மறந்த ஆசிரியருக்கும் முகம் நினைவுக்கு வரும். பல்கலைக்கழகப் பட்டியல் ஒரே தாளில், கடைசித் தேதி வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அவருக்குத் தனி இணைப்பு, தனிப் படிவம் என்பதை நினைவில் வையுங்கள். பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பவர் அவரிடம் பதினைந்து படிவம் நிரப்பும் வேலையைத் தருகிறார். இன்று இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று சொட்டுச் சொட்டாக அனுப்பாமல் எல்லா இணைப்பும் ஓரிரு நாளில் போகும்படி பாருங்கள். அவை ஸ்பாமில் விழுவது சர்வசாதாரணம். அனுப்பிய அன்றே தெரிவித்துவிடுங்கள்.

முகவரி கல்லூரி மின்னஞ்சலாக இருக்க வேண்டும். சொந்த ஜிமெயிலைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை, ஏற்பவையும் ஐயத்தோடு பார்க்கின்றன. பல ஆசிரியர்களுக்குக் கல்லூரி முகவரி இருக்கும், திறந்து பார்த்தே வருடக்கணக்காகியிருக்கும். கடவுச்சொல்லை மீட்க ஒரு வாரம் ஆகலாம். அந்த வாரத்தையும் கணக்கில் சேருங்கள். ஆசிரியர் வேறு கல்லூரிக்கு மாறியிருந்தால் தடையில்லை. இப்போதைய முகவரியைக் கொடுங்கள். முன்பு எங்கே உங்களுக்குக் கற்பித்தார் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் அவர் சொன்னால் போதும்.

எப்போது கேட்பது? அமெரிக்கக் கடைசித் தேதிகள் டிசம்பர், ஜனவரியில் குவிந்திருக்கும். நம் கல்லூரிகளில் நவம்பர் என்றால் செய்முறைத் தேர்வு, அதைத் தொடர்ந்து எழுத்துத் தேர்வு, பிறகு விடைத்தாள் திருத்தும் முகாம். ஆக, செப்டம்பர் கடைசியில் கேட்டு அக்டோபருக்குள் கடிதம் தயாராவதுதான் இருவருக்கும் நல்லது. எப்படிப் பார்த்தாலும் நான்கு வாரத்துக்குக் குறைவாகக் கொடுக்காதீர்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு நினைவூட்டல், மூன்று நாள் முன்னால் இன்னொன்று. அதற்கு மேல் நச்சரிப்பு. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி டிசம்பர் 15 இரவு 11.59 என்பது நமக்கு 16ஆம் தேதி காலை 10.29. ஆசிரியரிடம் இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள், 12ஆம் தேதி என்று சொல்லிவையுங்கள்.

விண்ணப்பத்தில் உங்களிடமே ஒரு கேள்வி வரும்: இந்தக் கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? அமெரிக்காவில் 1974இல் வந்த ஃபெர்பா என்ற சட்டம், பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவருக்குத் தன் கல்விக் கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுங்கள். மாணவர் பார்ப்பார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தை எவரும் முழுதாக நம்பமாட்டார்கள். விட்டுக்கொடுத்துவிட்டு ஆசிரியரிடம் போய் ‘ஒரு காப்பி கொடுங்கள் மேடம், வீட்டில் காட்ட வேண்டும்’ என்று கேட்காதீர்கள்.

அரியர் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். மூன்றாம் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்தவர்களை எண்ணினால் பாதிப் பொறியாளர்கள் அதில் வருவார்கள் என்று விளையாட்டாகச் சொல்லலாம். அதை எஸ்.ஓ.பி.யில் நீங்கள் விளக்கினால் சாக்குப்போலக் கேட்கும். உங்களுக்குக் கட்டமைப்புப் பகுப்பாய்வு நடத்திய ஆசிரியர், ‘மதிப்பெண் பட்டியலில் கணிதத்தில் ஒரு சறுக்கல் தெரியும், என் பாடத்தில் அணிகளை (மேட்ரிக்ஸ்) வைத்துக் கணக்குப் போடுவதில் இவருக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்கவில்லை’ என்று எழுதினால் விஷயம் முடிந்தது. அப்படி ஒருவர் இருந்தால் அவர்தான் உங்கள் இரண்டாவது கடிதம். அரியரை மறைக்காமல் குறிப்பில் நீங்களே சொல்லுங்கள். பட்டியலில் கண்டுபிடிக்க விடாதீர்கள்.

மூன்றாவது கடிதம் அலுவலகத்திலிருந்து வரலாம். இங்கும் அதே விதிதான்: நிர்வாக இயக்குநர் வேண்டாம், தினமும் உங்கள் சோதனை அறிக்கையைப் படித்துக் கையெழுத்திடும் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வேண்டும். வேலையை விடப் போகிறீர்கள் என்ற செய்தி அவருக்கு இந்தக் கடிதம் மூலம்தான் தெரியவரும் என்றால் யோசித்துச் செய்யுங்கள். நிலைமை சரியில்லை என்றால் ஏற்கெனவே விலகிப்போன மேலாளர் ஒருவரைக் கேட்பதில் தவறில்லை. மனிதவளப் பிரிவு தரும் பணிச் சான்றிதழைக் கடிதமாக வைத்துவிடாதீர்கள்; அதில் தேதிகளைத் தவிர ஒன்றும் இராது.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் அன்றே நன்றி சொல்லுங்கள். இனிப்புப் பெட்டி வேண்டுமானால் அதன் பிறகு. கேட்கப் போகும்போது கையில் எதுவும் வேண்டாம், எழுதுகிறவருக்குச் சங்கடம். முடிவுகளையும் சொல்லுங்கள், கிடைக்காதவற்றையும் சேர்த்து. பெரும்பாலான மாணவர்கள் இதைச் செய்வதில்லை. உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குள் இரண்டு அழைப்பு வந்து எதை எடுப்பது என்று குழம்பினால், கடிதம் எழுதிய ஆசிரியரிடமே யோசனை கேட்கலாம்.

ஜெர்மனி வேறு கணக்கு. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகளில் பல பரிந்துரைக் கடிதமே கேட்பதில்லை. மதிப்பெண்ணும் நீங்கள் படித்த பாடங்களின் உள்ளடக்கமும்தான் முதலில் பார்க்கப்படும். கேட்கும் இடங்களில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு. கல்லூரிக் கடிதத்தாளில் கையெழுத்திட்ட பிரதியை நீங்களே பதிவேற்றும்படி சொல்பவையும் உண்டு. அங்கே கடிதம் உங்கள் கை வழியாகப் போவதில் தவறில்லை. அமெரிக்காவுக்கு எழுதிய கடிதத்தையே ஆசிரியர் கொஞ்சம் மாற்றித் தரலாம். முகவரியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.